கேல்ஸ்பர்க் நகரத்தவர் என்று யாரைச் சொல்வது?

மாறன்வழுதி எழுதியது:

இல்லினாய் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், சிக்காகோவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில், கேல்ஸ்பர்க் என்ற நகரம் இருக்கிறது. அதன் மக்கள்தொகை இன்று 30,000 அளவுதான். எந்தக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினாலும் அங்கே பிறந்தவர்களாக இரண்டு பெயர்கள் முதலில் வரும். ஒருவர் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க்; மற்றவர் 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சிக்காக 264 அடி உயர ராட்சத ராட்டினத்தைக் கட்டிய பொறியாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கேல் ஃபெர்ரிஸ். விவேகானந்தர் பேசிய சமயப் பேரவை அதே கண்காட்சியையொட்டி நடந்தது என்பதால் அந்த ஆண்டு நமக்கும் பழக்கமானதே.

இவ்விருவரையும் ஒரே தட்டில் வைப்பது சரியா என்பதை விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். ஃபெர்ரிஸ் 1859இல் கேல்ஸ்பர்க்கில் பிறந்தார். 1864இல், ஐந்து வயதில், குடும்பத்தோடு நெவாடாவுக்குப் போய்விட்டார். அவர் படித்தது நியூயார்க் மாநிலத்தின் ரென்சலேர் பொறியியல் கல்லூரியில். தொழில் செய்ததும், 1896இல் தம் 37ஆம் வயதில் குடற்காய்ச்சலால் இறந்ததும் பிட்ஸ்பர்க்கில். ஒரே நேரத்தில் 2,160 பேரைச் சுமந்து சுழன்ற அந்த ராட்டினத்தின் எந்த இரும்புக் கம்பியிலும் கேல்ஸ்பர்க்கின் பங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவருடைய பெயரின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் கேல் என்பவர் அந்நகரத்தை நிறுவிய பாதிரியார். நியூயார்க் மாநிலத்தில் உடலுழைப்போடு கூடிய கல்வி நிலையம் ஒன்றை நடத்தி வந்த அவர், மேற்கே புல்வெளியில் நிலத்தை அரசு விலைக்கு வாங்கி, குடியேற வருபவர்களுக்குக் கூடுதல் விலைக்கு விற்று, கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு கல்லூரி தொடங்குவது என்று திட்டமிட்டார். 1837இல் ஊரும் கல்லூரியும் சேர்ந்தே பிறந்தன. ராட்டினப் பொறியாளரின் பாட்டனார் சில்வானஸ் ஃபெர்ரிஸ் அந்தத் திட்டத்தில் கேலுக்குத் துணை நின்ற முதன்மையானவர்களுள் ஒருவர். ஊர் வளர்ந்த பிறகு கல்லூரி வருவது வழக்கம். இங்கே கல்லூரிக்காகவே ஊர் உண்டாக்கப்பட்டது. ஏழை மாணவர்கள் வயலில் உழைத்துப் படிப்புச் செலவை ஈடுகட்டலாம் என்பது தொடக்கத்தில் அதன் கொள்கையாக இருந்தது. நாக்ஸ் கல்லூரி என்று இன்று வழங்குவது அதுதான்.

ஆகையால் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டுவதைக் காட்டிலும், இந்தக் கல்லூரி நகரம் யாரை உருவாக்கியது, யாரை ஈர்த்து வைத்துக்கொண்டது என்று பார்ப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால் பட்டியலே மாறிவிடும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


அரசூரான் எழுதியது:

நண்பர் மாறன்வழுதியின் வாதம் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்கப் புகுந்தால்தான் சிக்கல் தொடங்கும். பிறப்பு என்பது சரிபார்க்கக்கூடிய ஓர் உண்மை. 'ஊர் உருவாக்கியது' என்பதற்கு அளவுகோல் எது? ஆபிரகாம் லிங்கன் 1858 அக்டோபர் 7 அன்று செனட் தேர்தலில் தம்மை எதிர்த்த ஸ்டீபன் டக்ளஸோடு நடத்திய ஐந்தாவது வாதத்துக்காகக் கேல்ஸ்பர்க்குக்கு வந்தார். நாக்ஸ் கல்லூரியின் பழைய முதன்மைக் கட்டடத்தையொட்டி அமைத்த மேடையில் நின்று பேசினார். மேடைக்குச் செல்லச் சன்னல் வழியாக ஏறி இறங்க வேண்டியிருந்ததால், தாம் ஒருவழியாகக் கல்லூரி வழியே சென்றுவிட்டதாக (ஆங்கிலத்தில் 'கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டேன்' என்றும் பொருள்படும்படி) அவர் வேடிக்கையாகச் சொன்னார் என்று ஒரு கதையும் உண்டு. 1860இல் அதே கல்லூரி அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. இதற்காக லிங்கனையும் கேல்ஸ்பர்க் நகரத்தவர் ஆக்கிவிட முடியுமா?

ஒரு நாள் வந்தவர், ஓராண்டு படித்தவர், மூன்றாண்டு வாடகைக்கு இருந்தவர் என்று கணக்கிட்டுக்கொண்டே போனால் பட்டியலுக்கு எல்லையே இருக்காது. பிறப்பு ஒரு முரட்டுத்தனமான அளவுகோல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் முரட்டு அளவுகோலில் ஏமாற்ற இடமில்லை.


செங்கழுநீர் எழுதியது:

அரசூரான் ஐயாவின் விதிப்படி பார்த்தால் அந்த ஊர் தன் நீதிமன்ற வளாகத்திலிருக்கும் சிலையையே அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். ஏனெனில் அங்கே 1906 முதல் நிற்பது, ஒஹையோவில் பிறந்த மேரி ஆன் பிக்கர்டைக் என்ற பெண்மணியின் சிலை.

இவர் 1850களில் கணவரோடும் பிள்ளைகளோடும் கேல்ஸ்பர்க்கில் குடியேறினார். சில ஆண்டுகளில் கணவரை இழந்தார். மூலிகை மருத்துவம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, இல்லினாயின் தென்கோடியிலுள்ள கெய்ரோ என்ற ஊரின் படைமுகாம்களில் இளம் வீரர்கள் குண்டடி படாமலேயே பேதியிலும் காய்ச்சலிலும் மடிந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்த ஒரு கடிதத்தை எட்வர்ட் பீச்சர் என்ற பாதிரியார் தேவாலயத்தில் வாசித்தார். அடிமை முறையைச் சாடிய புகழ்பெற்ற நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் தமையனார் இவர். சபையினர் உணவும் மருந்தும் துணிமணிகளும் திரட்டினார்கள். அவற்றைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நாற்பதைத் தாண்டிய இந்தக் கைம்பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது. பொருள்களைச் சேர்த்துவிட்டுத் திரும்பி வருவது என்பதுதான் ஏற்பாடு. அவர் போர் முடியும்வரை திரும்பவில்லை.

அவர் செய்த வேலையின் தன்மையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, அழுக்கேறிய வைக்கோலை எரிப்பது, துணிகளைக் கொதிக்க வைத்துத் துவைப்பது, சுத்தமான அடுக்களையை ஏற்படுத்துவது ஆகியவையே அவருடைய மருத்துவம். நுண்ணுயிர்க் கொள்கை மருத்துவர்களிடையே நிலைபெறாத காலத்தில், கூடாரத்துக்குக் கூடாரம் சலவைக் கொப்பரைகளை இழுத்துச் சென்ற அந்த அம்மையார் எத்தனை உயிர்களைக் காத்தார் என்று கணக்கிட வழியில்லை. பத்தொன்பது போர்க்களங்களில் அவர் பணியாற்றியதாகச் சொல்வார்கள். குடித்துவிட்டுக் கடமை தவறிய மருத்துவ அதிகாரிகளை அவர் வேலையிலிருந்தே நீக்க வைத்ததுண்டு. அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் ஜெனரல் ஷெர்மனிடம் முறையிட்டபோது, அந்த அம்மையார் தம்மைவிட மேல் பதவியில் இருப்பவர் என்று சொல்லி அவர் கைவிரித்துவிட்டார் என்பது பலராலும் எடுத்துச் சொல்லப்படும் செய்தி. 1865இல் தலைநகர் வாஷிங்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் அவர் குதிரைமீது சென்றார். 1901இல் கான்சாஸில் இறந்தாலும் அவர் அடக்கம் செய்யப்பட்டது கேல்ஸ்பர்க்கில்தான்.

அவர் அங்கே வாழ்ந்த ஆண்டுகள் மிகக் குறைவு. ஆனால் அவரை அனுப்பியது அந்த ஊரின் ஒரு தேவாலயம். அனுப்பிய பொருள்கள் அந்த ஊர் மக்கள் திரட்டியவை. இல்லினாயிலேயே முதலாவதாக அடிமை எதிர்ப்புச் சங்கம் 1837இல் தோன்றியது கேல்ஸ்பர்க்கில் என்பார்கள். தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளைக் கனடாவை நோக்கிக் கடத்திவிட்ட மறைவான வலைப்பின்னலில் அது முக்கியமான கண்ணி. அந்த ஊரின் மனப்போக்கு இல்லாமல் பிக்கர்டைக் அம்மையார் கெய்ரோவுக்குப் போயிருக்க மாட்டார் என்று துணிந்து சொல்வேன். அதே வரிசையில் ஹைரம் ரெவல்ஸையும் சேர்க்க வேண்டும். வட கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவரான அவர் 1850களில் நாக்ஸில் படித்தார். 1870இல் மிசிசிப்பியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, அமெரிக்க செனட் அவையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரானார். அவருடைய இளமையில் நாட்டின் பெரும்பாலான கல்லூரிகள் அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.


தண்டவாளம் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் கல்லூரியையும் தேவாலயத்தையுமே பேசுகிறீர்கள். அந்த நகரத்தின் மற்றொரு பாதி ரயில்வே. 1854இல் ரயில் வந்த பிறகு கேல்ஸ்பர்க் வேறு ஊராகிவிட்டது. சிக்காகோ, பர்லிங்டன், குவின்சி ரயில் நிறுவனத்தின் பட்டறைகளும் வண்டி பிரிக்கும் பெரிய யார்டும் அங்கே அமைந்தன. வேலைக்காக ஸ்வீடனிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து குடியேறினர். அடிமை முறையை எதிர்த்த பாதிரியார்களின் புனித ஊருக்கும் கரி படிந்த இந்த ஊருக்கும் இடையில் தெருக்கள் மட்டுமல்ல, வகுப்பு வேறுபாடும் குறுக்கே கிடந்தது.

சாண்ட்பர்க் அந்த இரண்டாவது ஊரின் பிள்ளை. 1878இல், ரயில் பாதைக்கு அருகிலிருந்த மூன்றறை வீட்டில் பிறந்தவர். தந்தை ஆகஸ்ட், ரயில்வே பட்டறையில் கொல்லரின் உதவியாள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், வாரம் ஆறு நாள் வேலை. எட்டாம் வகுப்போடு சிறுவனின் படிப்பு நின்றது. பால் வண்டி ஓட்டினார், முடிதிருத்தும் கடையில் காலணிக்கு மெருகு போட்டார், 1897இல் சரக்கு ரயில்களில் ஒளிந்தேறிக் கான்சாஸ் கோதுமை வயல்கள்வரை போய் அறுவடை வேலை செய்தார். 1898இல் ஸ்பெயினோடு நடந்த போருக்குத் தொண்டராகச் சேர்ந்து போர்ட்டோ ரிக்கோ போய்வந்தார். பிறகு வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் கணக்கிலும் இலக்கணத்திலும் தோற்றார். பின்னாளில் புலிட்சர் பரிசுகளைக் கவிதைக்காகவும் வரலாற்றுக்காகவும் பெறப்போகிறவர் இலக்கணத்தில் தோற்றதை அந்தத் தேர்வாளர்கள் அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

லிங்கனைக் கேல்ஸ்பர்க்கோடு சேர்க்கக்கூடாது என்று அரசூரான் சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் லிங்கன் அங்கே பேசிய ஒரு பிற்பகல் வீணாகவில்லை. 1896இல் அந்த வாதத்தின் ஆண்டு விழாவின்போது கல்லூரிக் கட்டடத்தில் ஒரு வெண்கலப் பலகை பதிக்கப்பட்டது. விழாவுக்கு லிங்கனின் மகன் ராபர்ட் வந்திருந்தார். அடிமைகளை வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு என்று வாதிடுகிறவர், நம்மைச் சுற்றியுள்ள அற விளக்குகளை ஊதி அணைக்கிறார் என்ற பொருள்படும் லிங்கனின் சொற்கள் அந்தப் பலகையில் உள்ளன. வேலைக்குப் போகிற வழியில் இளம் சாண்ட்பர்க் அதை மீண்டும் மீண்டும் படித்திருக்கிறார். இதை அவரே பின்னாளில் எழுதினார். லிங்கனின் வாழ்க்கையை 1926இல் இரண்டு தொகுதிகளாகவும் 1939இல் நான்கு தொகுதிகளாகவும் அவர் எழுதி வெளியிட்டதற்கு வித்து அங்கேதான் விழுந்தது என்று நான் நம்புகிறேன். கல்லூரிக்குள் அவர் படிக்கவில்லை. கல்லூரியின் சுவரைப் படித்தார்.

1967இல் வட கரோலினாவில் இறந்தபின் அவருடைய சாம்பல், அதே மூன்றறை வீட்டின் பின்புறத்தில் ஒரு பாறைக்கு அடியில் வைக்கப்பட்டது.


மாறன்வழுதி எழுதியது:

தண்டவாளம் அவர்கள் சொன்னதில் ஒரு திருத்தம். சாண்ட்பர்க் நாக்ஸ் கல்லூரிக்குள் படிக்கவில்லையே தவிர, போரிலிருந்து திரும்பியபின் அதே ஊரிலிருந்த மற்றொரு கல்லூரியில், தீயணைப்பு நிலையத்தில் இரவு படுத்து அழைப்புக்குப் போகும் வேலையைச் செய்துகொண்டே, 1902வரை படித்தார். பட்டம் பெறாமலே வெளியேறினார். லம்பார்ட் என்ற அந்தக் கல்லூரி, யூனிவர்சலிஸ்ட் திருச்சபையினர் நடத்திய மிகச் சிறிய நிலையம். பணமின்றி 1930இல் மூடப்பட்டது. நான் இந்த இழையைத் தொடங்கியதற்கு உண்மையான காரணம் அந்தக் கல்லூரியும், அங்கே பணியாற்றிய ஒரே ஓர் ஆசிரியருமே.

அவர் பெயர் பிலிப் கிரீன் ரைட். மாசசூசெட்ஸ்காரர். 1892இல் மனைவியோடும் இரண்டு சிறு பிள்ளைகளோடும் கேல்ஸ்பர்க்குக்கு வந்து, 1912வரை லம்பார்டில் இருந்தார். கணிதம், வானியல், பொருளியல், ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி எல்லாவற்றையும் அவரே நடத்தினார். சிறிய கல்லூரியில் அது தவிர்க்க முடியாதது. மாணவர் சிலரை வீட்டுக்கு அழைத்து, அவரவர் எழுதியதைப் படிக்க வைத்து விவாதிப்பார். அந்த வட்டத்தில் ஒருவர் சாண்ட்பர்க். வீட்டு நிலவறையில் ரைட் ஓர் அச்சுப்பொறி வைத்திருந்தார். சாண்ட்பர்க்கின் முதல் நூல் 1904இல் அந்த அச்சுப்பொறியில்தான் வெளிவந்தது. எந்தப் பதிப்பாளரும் அறியாத ஒரு கொல்லர் மகனின் கவிதைகளை ஒரு கணித ஆசிரியர் தம் கையால் அச்சிட்டுத் தந்தார். அச்சு வேலையில் அவருடைய பிள்ளைகளும் உதவினார்கள்.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதுதான் வியப்பு. மூத்தவர் சூவல் ரைட். 1911இல் லம்பார்டில் பட்டம் பெற்றார். அமெரிக்க வேளாண் துறையில் கினிப் பன்றிகளின் நிறத்தை ஆராய்ந்தார். பிறகு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றினார். ரொனால்ட் ஃபிஷர், ஜே. பி. எஸ். ஹால்டேன் ஆகியோரோடு சேர்ந்து மக்கள்தொகை மரபியலை நிறுவிய மூவருள் ஒருவராக அவரைக் கணிக்கிறார்கள். ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபணுக்களின் பரவல் தலைமுறைதோறும் எப்படி மாறுகிறது என்று ஆராயும் துறை அது. நெருங்கிய உறவினருக்குள் நடக்கும் மணங்களில் பிறக்கும் குழந்தைக்கு, இரு பெற்றோரிடமிருந்தும் ஒரே மூதாதையின் ஒரே மரபணு வந்து சேரும் வாய்ப்பை அளக்கும் குணகத்தை 1922இல் வகுத்தவர் அவரே. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தவருடைய குழந்தைக்கு அது 1/16. தாய்மாமனை மணந்த பெண்ணின் குழந்தைக்கு 1/8. தமிழ்நாட்டில் உறவுமுறைத் திருமணங்களைப் பற்றிச் செய்யப்பட்ட மருத்துவ ஆய்வுகளில் தவறாமல் இடம்பெறுவது இந்த எண்தான்.

இரண்டாமவர் குவின்சி ரைட், பன்னாட்டுச் சட்ட அறிஞர். போர்கள் ஏன் நிகழ்கின்றன என்பதைப் புள்ளிவிவரங்களோடு ஆராய்ந்து 1942இல் மாபெரும் நூல் ஒன்றை வெளியிட்டார். நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் அமெரிக்கத் தரப்புக்கு ஆலோசகராக இருந்தார். மூன்றாமவர் தியடோர், 1895இல் கேல்ஸ்பர்க்கிலேயே பிறந்தவர். ஆகவே அரசூரானின் விதிப்படியும் தேறுகிறார். விமானப் பொறியாளரான இவர் 1936இல் ஓர் ஆய்வுரையில், கட்டப்பட்ட விமானங்களின் மொத்த எண்ணிக்கை இருமடங்காகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டினார். முதல் விமானத்துக்கு 100 மணி நேரம் என்றால் இரண்டாவதற்கு 80, நான்காவதற்கு 64, எட்டாவதற்கு 51. இன்று சூரிய மின்தகடுகளின் விலை ஏன் இப்படிச் சரிகிறது என்று விளக்குபவர்கள் கையாளும் விதி இதுவே.

தந்தையின் கதை இன்னும் சுவையானது. ஹார்வர்டுக்கும் பிறகு வாஷிங்டனுக்கும் சென்ற பிலிப் ரைட், 1928இல் எண்ணெய்கள் மீதான சுங்கவரியைப் பற்றி எவரும் விரும்பிப் படிக்காத ஒரு நூலை எழுதினார். அதன் பின்னிணைப்பில் ஒரு முறையை விளக்கினார். ஆளிவிதையின் விலையும் விற்பனை அளவும் நமக்குத் தெரியும். ஆனால் விலை மாறியது வாங்குபவரின் விருப்பத்தாலா, விளைச்சலாலா என்று அந்த எண்களைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஆகவே வழங்கலை மட்டும் அசைத்து, வாங்குபவரின் விருப்பத்தைத் தொடாத ஒரு புறக் காரணியை, எடுத்துக்காட்டாக ஏக்கருக்கான மகசூலை, எடுத்துக்கொண்டு அதன் துணையால் இரண்டையும் பிரித்தறியலாம் என்றார். கருவி மாறி முறை எனப் பொருளியல் மாணவர்கள் இன்று படிப்பது இதைத்தான். இந்தப் பின்னிணைப்பை எழுதியவர் தந்தையா, புள்ளியியலில் வல்ல மகன் சூவலா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. இருவருடைய நடையையும் கணினி கொண்டு ஒப்பிட்ட பொருளியலாளர்கள், எழுதியவர் தந்தையே என்ற முடிவுக்கு 2003இல் வந்தார்கள். கட்டுரைப் பயிற்சி நடத்திய ஆசிரியரை அவருடைய உரைநடையே காட்டிக்கொடுத்தது!

ஒரு கவிஞர், ஒரு மரபியலாளர், ஒரு சட்ட அறிஞர், ஒரு விமானப் பொறியாளர், ஒரு பொருளியல் முறை: இவை அனைத்தும் ஒரே நிலவறையைச் சுற்றி வருகின்றன. சாண்ட்பர்க்கையும் தியடோரையும் தவிர எவரும் அந்த ஊரில் பிறக்கவில்லை.


இளவேனில் எழுதியது:

மாறன்வழுதி ஐயா, ரைட் குடும்பத்தைப் பற்றி எழுதியது அருமை. எனினும் ஊர் வளர்த்தது, ஊர் ஈர்த்தது என்ற இரண்டே வாசல்களை நீங்கள் திறந்து வைத்திருக்கிறீர்கள். ஊரை வெறுத்து ஓடியதாலேயே உருவானவர்களை எந்த வாசல் வழியாக உள்ளே விடுவீர்கள்?

ஓவியர் டொரோதியா டானிங் 1910இல் கேல்ஸ்பர்க்கில், ஸ்வீடனைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். ஊர்ப் பொது நூலகத்தில் வேலை பார்த்தார். அங்கே கிடைத்த நாவல்களே தம்மைக் கெடுத்தன என்பதுபோல் பின்னாளில் பேசுவார். நாக்ஸில் இரண்டாண்டு படித்துவிட்டு, 1930இல் சிக்காகோவுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போனார். 1936இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கனவையும் ஆழ்மனத்தையும் வரையும் சர்ரியலிச ஓவியங்களைக் கண்டது அவர் பாதையைத் திருப்பியது. 1942இல் தம்மையே வரைந்த ஓவியத்தில், அவருக்குப் பின்னால் ஒன்றையடுத்து ஒன்றாகக் கதவுகள் திறந்துகொண்டே போகின்றன. காலடியில் இறக்கை முளைத்த விநோத விலங்கு ஒன்று குந்தியிருக்கிறது. மறு ஆண்டு வரைந்ததில், விடுதி போன்ற நடைகூடத்தில் இரண்டு சிறுமியரும் ஒரு பெரிய சூரியகாந்தியும். 1946இல் சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டை மணந்தார். அரிசோனாவிலும் பிரான்ஸிலும் வாழ்ந்தார். எர்ன்ஸ்ட் இறந்தபின் நியூயார்க்குக்குத் திரும்பி, தொண்ணூறு வயதுக்கு மேல் கவிதைத் தொகுதிகள் வெளியிட்டு, 2012இல் 101ஆம் வயதில் மறைந்தார்.

சுவர்த்தாள் ஒட்டிய அறைகள், மூடிய கதவுகள், நாகரிகமான மேசைவிரிப்புக்கு அடியில் கொந்தளிக்கும் ஏதோ ஒன்று ஆகியவை அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்றுமே நிகழாத, பக்தியும் ஒழுங்கும் மிகுந்த நடுத்தர வர்க்க வீட்டின் உட்புறம் அது. கேல்ஸ்பர்க்குக்கு நன்றிக்கடன் பட்டவர் சாண்ட்பர்க். கேல்ஸ்பர்க்கோடு வாழ்நாளெல்லாம் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தவர் டானிங். இரண்டும் உறவுதான்.


மருதத்திணை எழுதியது:

கனமான பேச்சுக்கு நடுவே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் நியூயார்க்கில் பிறந்தவர்கள். ஆனால் குரௌச்சோ, ஹார்ப்போ, சிக்கோ, கம்மோ என்ற பெயர்கள் அவர்களுக்கு 1914இல், கேல்ஸ்பர்க்கில் நாடகம் போட வந்த இடத்தில், சீட்டாட்டத்தின்போது ஆர்ட் ஃபிஷர் என்ற சக நடிகரால் சூட்டப்பட்டவை. ஆட்கள் பிறந்தது ஓர் ஊர், பெயர்கள் பிறந்தது மற்றோர் ஊர். இவர்களை எந்தப் பத்தியில் வைப்பது என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும்.


செங்கழுநீர் எழுதியது:

ரைட் குடும்பத்துக் கதையில் விடுபட்ட ஒரு பெண்ணை நினைவூட்ட வேண்டும். சூவல் ரைட் உயிரியலின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் வில்ஹெல்மின் கீ என்ற ஆசிரியை. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் ஒருவரான இவர், லம்பார்டில் கற்பித்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குப் பேராசிரியர் பதவி தர மறுத்த அந்தக் காலத்தில், அப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தவை பெரும்பாலும் இவ்வாறான சிறு கல்லூரிகளே. ரைட் என்ற மேதையை அந்த ஊருக்குக் கிடைக்கச் செய்தது தந்தை என்றால், மரபியலுக்குக் கிடைக்கச் செய்தது கீ.

அதே மூச்சில் மற்றதையும் சொல்வது நேர்மை. கீ பின்னர், 'தகுதியுள்ளவர்கள்' மட்டுமே பிள்ளை பெற வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் இயக்கத்தில் சேர்ந்து, வறிய குடும்பங்களின் 'தகுதியின்மை' பரம்பரையாக வருகிறது என்று காட்ட முயன்ற கள ஆய்வுகளை மேற்கொண்டார். இத்தகைய ஆய்வுகளைக் காட்டி அமெரிக்க மாநிலங்கள் பல்லாயிரம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தன. நகரங்கள் தம் பட்டியலை எழுதும்போது இத்தகையோரை மெல்ல நழுவ விட்டுவிடும். நாம் எழுதினால் அவருடைய இரு பக்கங்களையும் எழுத வேண்டும்.


தண்டவாளம் எழுதியது:

பட்டியலில் பெயர் இல்லாதவர்களைப் பற்றி ஒரு சொல். 2004ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பராக் ஒபாமாவை நாடறியச் செய்த உரையில், தம் மாநிலத்தின் ஊர்களுள் அவர் குறிப்பிட்டது கேல்ஸ்பர்க்கை. அங்கே குளிர்சாதனப் பெட்டிகள் செய்துவந்த மேடேக் ஆலை மெக்சிகோவுக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 1,600 பேர் வேலையிழந்தனர். அடுத்த ஆண்டு நாக்ஸ் பட்டமளிப்பு விழாவில் பேசியவரும் அவரே. 2013இல் குடியரசுத் தலைவராக அங்கேயே வந்து பொருளாதாரம் பற்றிப் பேசினார். லிங்கனைப் போல இவரும் வந்து போனவர் என்பதால் நான் பட்டியலில் கேட்கவில்லை. அந்த ஆலையில் தொழிற்சங்கம் கட்டி, வேலை போன பின்னர் நாற்பது, ஐம்பது வயதில் படிக்கத் திரும்பியவர்கள், 1898இல் தீயணைப்பு நிலையத்திலிருந்து வகுப்புக்கு நடந்த சாண்ட்பர்க்கின் வகையைச் சேர்ந்தவர்கள் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான்.


மாறன்வழுதி எழுதியது:

இதுவரை வந்தவற்றை வைத்து, நான் தமிழில் எழுத எண்ணியிருக்கும் கட்டுரைத் தொடருக்கு ஒரு வரிசையை முன்வைக்கிறேன். முதலில் பிக்கர்டைக், அவரோடு ஊரின் அடிமை எதிர்ப்பு வரலாறும் ரெவல்ஸும். அடுத்து சாண்ட்பர்க்கையும் ரைட் குடும்பத்தையும் கீயையும் சேர்த்து லம்பார்ட் கல்லூரியின் கதையாக ஒரே நீண்ட கட்டுரை. இவர்களைப் பிரித்து எழுதினால் சிறப்பே போய்விடும். பிறகு டானிங். பொறியாளர் ஃபெர்ரிஸுக்குத் தனிக் கட்டுரை கிடையாது. பாட்டனாரும் நிறுவனர் கேலும் வரும் இடத்தில் பேரனாக ஒரு பத்தி. மார்க்ஸ் சகோதரர்கள் அடிக்குறிப்பில். சிறு வயதில் சில ஆண்டுகள் அங்கே இருந்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான ரொனால்ட் ரீகன் வேண்டியதில்லை.


அரசூரான் எழுதியது:

வரிசையை ஏற்கிறேன், இரண்டு ஆட்சேபங்களோடு. முதலாவது, ஃபெர்ரிஸை ஒரு பத்திக்குள் அடைப்பது. ஒருவருக்குப் பாட்டனாரின் தோழர் பெயரை இட்டு, வெற்று நிலத்தில் ஊரைக் கட்டிய கதையைத் தொட்டிலிலேயே சொல்லி வளர்த்திருப்பார்கள் என்றால், பின்னாளில் ஈஃபில் கோபுரத்துக்கு நிகராக எவரும் கட்டத் துணியாத ஒன்றைக் கட்ட அவர் முன்வந்ததில் அந்தக் குடும்பத்தின் பங்கு சிறிதுமில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? இதற்குச் சான்று காட்ட என்னால் இயலாது. பிக்கர்டைக் விஷயத்தில் ஊரின் மனப்போக்கு என்று செங்கழுநீர் அம்மா சொன்னதற்கும் அதே அளவு சான்றுதான் இருக்கிறது.

இரண்டாவது, ரீகன். அவர் முதல் வகுப்பில் சேர்ந்தது கேல்ஸ்பர்க்கின் சைலஸ் வில்லார்ட் பள்ளியில். வாடகை வீட்டின் மேல்மாடத்தில் வீட்டுக்காரர் விட்டுவைத்திருந்த பறவை முட்டைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததைத் தம் நினைவுகளில் அவரே எழுதியிருக்கிறார். போதாததற்கு, அவர் மனைவி நான்சியை வளர்த்த மாற்றாந்தந்தையான நரம்பியல் அறுவை மருத்துவர் லோயல் டேவிஸ் கேல்ஸ்பர்க்கில் பிறந்த ரயில்வே தொழிலாளியின் மகன். சிறுமி நான்சி அவருடைய பெற்றோரைப் பார்க்க அந்த ஊருக்கு வந்து போயிருக்கிறார். வெண்கலப் பலகையைப் படித்ததற்காகச் சாண்ட்பர்க்கின் லிங்கனைக் கேல்ஸ்பர்க் கணக்கில் வரவு வைக்கிறீர்கள். வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்ததற்கு ரீகனுக்கு ஒரு பத்தியாவது தர வேண்டும். அவருடைய அரசியல் எனக்கும் பிடிக்காது. ஆனால் அது அளவுகோல் ஆகாது.